மூடி திறக்கிற உரிமை

எங்கள் தெருவில் மதியம் ஒரு மணிக்கு முன்னால் யாருக்கும் பசிக்காது. பசித்தாலும் வெளியே சொல்லிக்கொள்ள மாட்டோம். ஸ்தமாதிஸ் உள்ளே போய், சட்டியின் மூடியைத் திறந்து, முகர்ந்து பார்த்து, இன்றைக்கு இன்னது என்று அறிவித்த பிறகுதான் எங்களுக்கு முறைப்படி பசிக்க ஆரம்பிக்கும். ஏதென்ஸ் மாதிரி ஒரு பெரிய பட்டணத்தில் லட்சக்கணக்கான பேர் தங்கள் வயிற்றைத் தாங்களே கேட்டுக்கொண்டு சாப்பிடுகிறார்கள். அதன் ஒரு மூலையான கிப்சேலியில், எவந்தியாவின் கடையில் சாப்பிடுகிற எங்களுக்கு மட்டும் அந்தக் கொடுப்பினை இல்லை.

எவந்தியாவின் சாப்பாட்டுக்கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. நாலு படி இறங்கினால் காகிதம் விரித்த சில மேசைகள், அதைத் தாண்டினால் அடுக்களை. என்ன இருக்கிறது என்று எழுதிவைத்த அட்டையும் கிடையாது. வந்தவர் நேராக அடுக்களைக்குள் போய், வரிசையாக இருக்கும் சட்டிகளைத் திறந்து பார்த்து, "இதுல ஒரு தட்டு" என்று கையைக் காட்டிவிட்டு வந்து உட்கார வேண்டும். அட்டையை நீட்டுகிற கடையை எங்கள் ஆட்கள் நம்ப மாட்டார்கள். சட்டியைக் காட்டப் பயப்படுகிறான் என்றால் சட்டிக்குள் என்னமோ இருக்கிறது என்று அர்த்தம்.

என் பெயர் ஸ்மாரோ. அந்தக் கடைக்கு நேர் மேலே பொத்தானும் நூலும் கம்பளியும் விற்கிறேன். எவந்தியா கீழே வெங்காயம் வதக்கினால் மேலே என் கம்பளிக் கண்டெல்லாம் வெங்காயம் மணக்கும். என்னிடம் வாங்கிய நூலில் பின்னிய சட்டையைப் போட்டுக்கொண்டு மாதா கோயிலுக்குப் போன ஒருத்தியைப் பார்த்துப் பாதிரியாருக்கே பசித்ததாகச் சொல்வார்கள். அந்தக் கடையில் நடக்கிற எதுவும் எனக்குத் தெரியாமல் நடக்காது என்பதற்காகச் சொல்கிறேன்.

ஸ்தமாதிஸ் மின்சார மீட்டர் பார்க்கிற வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்த காலமெல்லாம் இந்த வட்டாரத்து மாடிப்படிகளில் ஏறி இறங்கினார். மற்றவர்கள் மீட்டரைப் பார்த்தார்கள், இவர் கதவிடுக்கை முகர்ந்தார். இரண்டாம் மாடி வக்கீல் வீட்டில் வெளியில் மட்டும்தான் பவிசு, உள்ளே தினம் பருப்பு. நாலாம் மாடி விதவை வீட்டில் வெள்ளிக்கிழமை தவறாமல் இரண்டு பேருக்கு மீன் பொரிகிறது. இதையெல்லாம் கீழே வந்து சொல்லுவார். அரை வட்டாரத்தின் பகையைச் சம்பாதித்தது இப்படித்தான். மீதி அரை வட்டாரம் அவரைத் தேடி வந்து கேட்டுக்கொண்டது.

வீட்டில் அவர் பேச்சைக் கேட்க ஆளில்லை. அவருடைய மனைவி தெஸ்பினா, பேரனைப் பார்த்துக்கொள்ள ஒரு மாதம் தெசலோனிகிக்குப் போனாள். பேரன் இப்போது மீசை மழிக்கிறான். அவள் இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள். தினமும் சூப்பில் உப்பு பற்றித் தீர்ப்பு கேட்டு வாழ்ந்த ஒருத்திக்கு அதைவிட நல்ல வழி எனக்கும் தெரியவில்லை.

ஆகவே அவர் எவந்தியாவின் கடைக்கு வந்து சேர்ந்தார். அங்கே நாட்டாமை ஆனது தற்செயல். ஒரு நாள் முட்டைக்கோஸ் உருண்டைச் சட்டியைத் திறந்து பார்த்து முகத்தைச் சுளித்துவிட்டு மூடினார். அதைப் பார்த்தும் சாப்பிட்ட டாக்ஸி ஓட்டுகிற ஆர்கிரிஸ் மறுநாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தான். ஆர்கிரிஸ் முந்தின இரவு மச்சினன் கல்யாணத்தில் குடம் குடமாகக் குடித்திருந்தான் என்பதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. அன்றோடு முதல் மூடியைத் திறக்கும் உரிமை ஸ்தமாதிஸுக்குப் போய்விட்டது. ஒரு மணிக்கு அவர் உள்ளே போவார். நாங்கள் கையில் ரொட்டியை வைத்துக்கொண்டு காத்திருப்போம்.

அவர் முகர்வதைப் பார்க்க வேண்டும். சட்டையின் கையை மடிப்பார். மூடியைத் தூக்கி, அதில் கோத்திருக்கும் தண்ணீர் குழம்பில் விழாமல் ஒரு திருப்புத் திருப்புவார். மூக்கு குழம்பில் முங்கிவிடுமோ என்கிற அளவுக்குக் குனிந்து, ஒரு கண்ணை மட்டும் மூடிக்கொள்வார். பிறகு நோயாளியின் சொந்தக்காரர்களிடம் டாக்டர் வந்து சொல்கிற மாதிரி வாசலில் வந்து நிற்பார்.

"வெண்டைக்காய்க்கு இன்னைக்கு மனசு சரியில்ல. காடி பத்தலை, கொழகொழன்னு அழுதுட்டிருக்கு. கத்தரிக்காய் பரவாயில்ல, ஆனா அது நாளைக்குத்தான் நல்லா இருக்கும். பீன்ஸ் எடுங்க."

நாங்கள் பீன்ஸ் எடுப்போம். பின்னால் அடுக்களையில் எவந்தியா கரண்டியைப் பாத்திரத்தில் போடும் சத்தம் கேட்கும். விடியற்காலையில் எழுந்து வெண்டைக்காயைப் புளித்த திராட்சைக் காடியில் ஊறவைத்து, வெயிலில் காயவைத்து, ஒவ்வொன்றாகக் காம்பு சீவியவள் அவள். அன்று ஒரு சட்டி வெண்டைக்காய் முழுக்க அவள் தங்கை வீட்டுக்குப் போகும்.

"அவன் மூக்குல தேள் கொட்ட!" என்பாள் என்னிடம். "பொண்டாட்டி ஓடிட்டா, இப்ப என்னைத் துரத்தப் பாக்குறான். ஒரு நாள் இல்லாட்டி ஒரு நாள் மாட்டாமலா போவான்?"

அந்த ஒரு நாள் வருவதற்குப் பல வருஷம் ஆனது.

ஒரு குளிர்காலத்தில் ஸ்தமாதிஸுக்குக் காய்ச்சல் வந்தது. பல நாள் கண்ணிலேயே படவில்லை. நாங்கள் அடுக்களைக்குள் நாங்களாகவே போய்ச் சட்டிகளுக்கு முன்னால் பேந்தப் பேந்த விழித்துக்கொண்டு நின்றோம். எதிரே எவந்தியா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நிற்பாள். அவள் பார்க்கும்போது ஒரு மூடியைத் திறந்துவிட்டு, வேண்டாம் என்று மூடுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. மருந்துக்கடை வைத்திருக்கும் கலிரோயி படித்தவள், ஊசிக்கும் ரத்தத்துக்கும் பயப்படாதவள். அவளே முதல் சட்டியைத் திறந்து, உள்ளே என்ன இருக்கிறது என்றுகூடப் பார்க்காமல், "இதே போதும்" என்று சொல்லிவிட்டு ஓடி வந்தாள்.

ஸ்தமாதிஸ் இளைத்துத் திரும்பி வந்தார். எல்லோருக்கும் அப்பாடா என்று இருந்தது. அன்று உள்ளே போனவர் இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டு நெடுநேரம் குனிந்திருந்தார். வாசலுக்கு வந்து, "எல்லாமே நல்லா இருக்கு" என்றார். மறுநாளும் எல்லாமே நன்றாக இருந்தது. அதற்கு அடுத்த வாரமும். படுத்து எழுந்தவர் மனசு இளகிவிட்டார் என்று நாங்கள் பேசிக்கொண்டோம். எவந்தியா மட்டும் நம்பவில்லை. இருபது வருஷம் குரைத்த நாய் ஒரே நாளில் வாலாட்டினால் அவளுக்குச் சந்தேகம் வரத்தானே செய்யும்.

பிறகு கொண்டைக்கடலை நாள் வந்தது. எவந்தியா தன் நாத்தனாருடன் போனில் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். நாத்தனாரோ லேசில் விடுகிறவள் இல்லை. சண்டை முடிவதற்குள் அடுப்பில் கடலை அடிப்பிடித்துவிட்டது. தீய்ந்த நெடி மேலே என் கடைக்கு வந்து, கம்பளியில் ஏறுவதற்குள் நான் கீழே ஓடினேன். கொல்லைக் கதவைத் திறந்து புகையை விரட்டியும் நெடி போகவில்லை. எவந்தியா மூச்சைப் பிடித்துக்கொண்டு சட்டியைக் கொல்லைக்குத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். அந்த நேரம் பார்த்து ஸ்தமாதிஸ் படியிறங்கி வந்தார். சட்டையின் கையை மடித்தார். அவள் கையில் இருந்த சட்டியின் மூடியைத் தூக்கினார்.

"ஆகா!" என்றார். "இன்னைக்கு இதுதான். வேற பேச்சே கிடையாது."

சட்டி திரும்ப அடுப்புக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தது. அதற்குள் ஸ்தமாதிஸ் வாசலில் நின்று அறிவித்துவிட்டார். எல்லோருக்கும் கொண்டைக்கடலை.

முதல் வாய் ஆர்கிரிஸ் வைத்தான். மென்றான். நிறுத்தினான். மறுபடி மென்றான். மேசையில் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். எதிரே ஸ்தமாதிஸ் உட்கார்ந்திருந்தார். அடுக்களை வாசலில் எவந்தியா கரண்டியோடு நின்றாள்.

"புகை வாசனை," என்றான் ஆர்கிரிஸ் மெதுவாக.

"ஆமா," என்றாள் கலிரோயி.

"சிஃப்னோஸ் தீவுல விறகு அடுப்புல ராத்திரி பூரா வெச்சு எடுப்பாங்களே, அந்த மாதிரி இருக்கு."

"நானும் அதையேதான் நினைச்சேன்! தீவுப் பக்குவம்!"

எங்கள் ஆட்களிடம் இது ஒன்று. கரிந்ததைக் கரிந்தது என்று ஒருத்தன் சொன்னால் போதும், எல்லோரும் எழுந்து போய்விடுவார்கள். அந்த ஒருத்தன் மட்டும் கிடைக்கவே மாட்டான். ஏதாவது ஒரு தீவின் பெயரைச் சொல்லிவிட்டால் கட்டை விரலைக்கூடத் தின்றுவிடுவார்கள். அன்று சட்டி காலி. மறு வாரம் பக்கத்துத் தெருவிலிருந்து இரண்டு பேர் வந்து, "அந்தத் தீவுக் கடலை இருக்கா?" என்று கேட்டார்கள். எவந்தியா சிலுவை போட்டுக்கொண்டு, வேண்டுமென்றே ஒரு சட்டி கடலையைத் தீய்த்தாள். தன் வாழ்நாளில் சமையலுக்கு அவள் செய்த பெரிய துரோகம் அது என்று என்னிடம் சொன்னாள். அதற்குத்தான் கூட்டம் அதிகம் வந்தது என்பது அவளுக்கு இன்னும் வயிற்றெரிச்சல்.

ஆனாலும் அவளுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. நிச்சயப்படுத்திக்கொள்ள ஒரு சோதனை வைத்தாள். ஒரு நாள் ஸ்தமாதிஸ் வழக்கத்தைவிட முன்னாலேயே வந்தார். அடுப்பில் கடைசியாக இருந்த சட்டியில் அடுக்களைத் துணிகள் சவுக்காரத்தோடு கொதித்துக்கொண்டிருந்தன. எவந்தியா அதன் மூடியை ஒழுங்காகப் போட்டு, மற்ற சட்டிகளோடு சேர்த்து வைத்தாள். நான் உப்பு வாங்க வந்த மாதிரி ஓரமாக நின்றேன்.

ஸ்தமாதிஸ் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்து, கடைசி மூடியைத் தூக்கினார். ஆவி அவர் மூக்குக் கண்ணாடியில் அப்பியது. இரண்டு கண்ணையும் மூடினார்.

"கீரை," என்றார். "எலுமிச்சை இன்னும் கொஞ்சம் பிழிஞ்சிருக்கலாம்."

நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன். எவந்தியா சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன், அவள் சிரிக்கவில்லை. கரண்டியை உள்ளே விட்டு, நீலக்கட்டம் போட்ட துணி ஒன்றைத் தூக்கிக் காட்டினாள். ஸ்தமாதிஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். துணியிலிருந்து சவுக்கார நுரை சொட்டியது. அவர் முகத்தை அன்று பார்த்திருக்க வேண்டாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அத்தனை வருஷம் அந்த மனிதர் மீது எனக்கு இருந்த எரிச்சல் அப்படியே வடிந்துபோயிற்று.

"எப்பலேர்ந்து?" என்று கேட்டாள் எவந்தியா.

"காய்ச்சல்லேர்ந்து."

"ஒண்ணுமே தெரியலையா?"

"ஒண்ணுமே தெரியல. காப்பி கூட வெந்நி மாதிரிதான் இருக்கு." அவர் படியைப் பார்த்தார், யாரும் வரவில்லை. "எவந்தியாம்மா, வெளில சொல்லிடாதீங்க. அவங்க எல்லாம் என்னைக் கேக்குறதுக்குத்தான் வர்றாங்க. இது இல்லேன்னா நான் இங்க யாரு?"

எவந்தியா துணியைத் திரும்பச் சட்டிக்குள் போட்டாள். கொஞ்ச நேரம் கிளறினாள். அவள் இரக்கப்படுகிறாள் என்று நினைத்தேன். அவள் உண்மையில் யோசித்துக்கொண்டிருந்தாள்.

"யாருக்கும் சொல்ல மாட்டேன்," என்றாள். "நீங்க பாட்டுக்கு வாங்க, மூடியத் தெறங்க, மோந்து பாருங்க. ஆனா இனிமே எந்தச் சட்டின்னு நான் சொல்றேன். எதுல கரண்டி வெச்சிருக்கேனோ அது நல்லா இருக்கு. புரிஞ்சுதா?"

புரிந்தது. அன்றிலிருந்து கிப்சேலியின் மூக்கு எவந்தியாவின் கரண்டியில் இருந்தது. நேற்று மிஞ்சிய இறைச்சி உருண்டை, முந்தாநாள் வைத்த கத்தரிக்காய், நாத்தனார் தலையில் கட்டிவிட்டுப் போன புழுத்த மொச்சை, எல்லாமே வாசலில் நின்று அறிவிக்கப்பட்டு மரியாதையோடு மேசைக்கு வந்தன. அவர் வார்த்தைகள் முன்னைவிட நன்றாகவே இருந்தன. ஒன்றும் தெரியாதவன் பேசும்போது தடங்கல் இருக்காது அல்லவா. "இந்த உருண்டைல ஒரு பக்குவம் இருக்கு, அது ஒரு நாள் கழிச்சுத்தான் பேச ஆரம்பிக்கும்" என்றார் ஒரு தடவை. ஆர்கிரிஸ் அதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு இரண்டு தட்டு சாப்பிட்டான். எனக்கு மட்டும் எவந்தியா அன்றன்று வைத்ததைத் தனியாக எடுத்து வைத்தாள். நான் ஏன் வாயைத் திறக்கப் போகிறேன்?

ஆனால் நான் அவருக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறவள். முன்பெல்லாம் அவர் சாப்பிடுவதைப் பார்த்தாலே அடுத்தவனுக்கு எச்சில் ஊறும். ரொட்டியைப் பிய்த்துத் தட்டில் மிச்சமிருக்கும் எண்ணெய்க் குழம்பில் முக்கி, சத்தத்தோடு உறிஞ்சி, கடைசியில் தட்டைக் கழுவத் தேவையில்லாமல் வைப்பார். இப்போது ரொட்டியைத் தொடுவதே இல்லை. மிளகுத்தூளைக் கொட்டுவார், எலுமிச்சையைப் பிழிவார், மறுபடி மிளகைக் கொட்டுவார். ஏதோ கட்டாயத்துக்கு மெல்லுகிற மாதிரி மென்றுவிட்டு, யாராவது கேட்டால், "பிரமாதம்" என்பார். பார்க்கப் பாவமாக இருந்தது. சட்டைக் காலர் கழுத்தில் வளையம் மாதிரி தொங்கியது.

இப்படியே ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது. கடைசியில் ஒரு திங்கட்கிழமை எல்லாம் முடிவுக்கு வந்தது.

திங்கட்கிழமை மீன் என்றால் எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். ஞாயிறு படகு போகாது, சந்தையும் கிடையாது. திங்கட்கிழமை சட்டியில் மீன் இருக்கிறது என்றால் அது சனிக்கிழமையே கரைக்கு வந்த மீன். அந்தச் சனிக்கிழமை மழை கொட்டியதால் கடைக்கு ஆள் வரவில்லை. எவந்தியாவிடம் தக்காளியும் வெங்காயமும் போட்டு வேகவைத்த மீன் ஒரு தட்டு நிறைய மிஞ்சிவிட்டது. ஞாயிறு முழுக்க அதை அவள் குளிர்பெட்டியில் வைத்திருந்தாள். திங்கள் காலையில் கொஞ்சம் புதினா, கொஞ்சம் ஒயின் ஊற்றி மறுபடி சுடவைத்தாள். மேலே என் கடையில் நான் கம்பளிக் கண்டுகளைப் பெட்டிக்குள் போட்டு மூடினேன்.

ஒரு மணிக்கு எல்லோரும் வந்துவிட்டார்கள். அன்று ஆர்கிரிஸும் வந்தான். குடற்புண் என்று ஒரு மாதம் ஆஸ்பத்திரியும் வீடுமாகக் கிடந்தவன், அன்றுதான் முதல் தடவையாக வெளியே வந்திருந்தான். பாதி ஆளாகியிருந்தான். ஸ்தமாதிஸ் அடுக்களைக்குப் போக எழுந்தபோது அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணே, ஒரு மாசமா கஞ்சியும் வேகவெச்ச உருளைக்கிழங்கும். நாக்கு செத்துப்போச்சு. டாக்டர் சொன்னாரு, பாத்து சாப்பிடு, கெட்டது எதாவது உள்ள போச்சுன்னா திரும்ப என்கிட்ட வராத, நேரா பாதிரியார்கிட்டப் போன்னு. நான் எனக்கு அண்ணன் இருக்காருன்னு சொல்லிட்டு வந்துட்டேன். உங்க மூக்கை நம்பித்தான் வந்திருக்கேன்."

ஸ்தமாதிஸ் கையை விடுவித்துக்கொண்டு உள்ளே போனார். நான் பின்னாலேயே போனேன். கரண்டி மீன் சட்டி மேல் இருந்தது.

அவர் கரண்டியைப் பார்த்தார். மீட்டர் பார்த்தவருக்குக் கிழமை தெரியாதா? மூடியைத் திறந்து, குனிந்து, நெடுநேரம் அப்படியே நின்றார். எவந்தியா தொண்டையைச் செருமினாள். அவர் மூடியை மூடினார். கரண்டியை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டு வாசலில் போய் நின்றார்.

"எனக்கு மூக்கு போச்சு," என்றார். "காய்ச்சல் வந்தப்பவே போச்சு. அதுலேர்ந்து நான் சொன்னதெல்லாம் பொய். அந்தக் கடலை கரிஞ்ச கடலை. தீவும் இல்ல, ஒண்ணும் இல்ல. இன்னைக்கு மீனைத் தொடாதீங்க. அதை மோந்து பாத்துச் சொல்லல. திங்கக்கிழமைன்னு சொல்றேன்."

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். தீர்ப்புக்குக் காத்திருக்கிற மாதிரி இருந்தார். இத்தனை நாள் எல்லாருக்கும் தீர்ப்புச் சொன்னவர்.

ஆர்கிரிஸ் ரொட்டியைக் கீழே வைத்தான். "அண்ணே," என்றான், "அது எங்களுக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"மூக்கு இல்லேன்னு. அந்தக் கடலை அன்னைக்கே தெரியும். கரியைத் தின்னுட்டுத் தெரியாம இருக்குமா? இன்னைக்கு நான் நம்பி வந்தது மூக்கை இல்ல, உங்களை."

"என்கிட்ட மூக்குக்குச் சொட்டு மருந்து வாங்கிட்டுப் போனீங்களே," என்றாள் கலிரோயி. "நாலு வகை வாங்கினீங்க. எனக்குத் தெரியாதா?"

ஸ்தமாதிஸ் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்புறம் எதுக்கு என்னை உள்ள அனுப்புனீங்க?"

ஆர்கிரிஸ் அடுக்களைப் பக்கம் கண்ணைக் காட்டிக் குரலைத் தாழ்த்தினான். தாழ்த்தியும் கடை முழுக்கக் கேட்டது.

"வேற யாரு போறது? நாங்க போனா அவ மூஞ்சியப் பாக்கணும். மூடியத் தெறந்துட்டு வேணாம்னு சொல்ல எவனுக்குத் துணிச்சல் இருக்கு? நீங்க சொன்னீங்கன்னா அது உங்க பாடு. கெட்டதைத் தின்னாலும் நிம்மதியாத் தின்னோம்."

இதுதான் எங்கள் தெரு. எவந்தியா பழையதைக் கொடுக்கிறாள் என்று அத்தனை பேருக்கும் தெரியும். அவரால் முகர முடியாது என்றும் தெரியும். அவளிடம் நேரே சொல்வதைவிட ஊசிப்போன மொச்சையைத் தின்பது சுலபம் என்று ஒரு வருஷமாகத் தின்றிருக்கிறார்கள். அவரும் அதற்காக ஒரு வருஷமாகத் தினமும் வாசலில் நின்று கூத்தாடியிருக்கிறார். அவர்களை நினைத்து எனக்கு வெட்கமாக இருந்தது. தனியாக எடுத்து வைத்ததைத் தின்ற என்னைப் பற்றி நான் நினைக்கவில்லை.

எவந்தியா வெளியே வந்தாள். முகம் தக்காளி மாதிரி இருந்தது.

"அப்ப என் சமையலைத் தின்ன உங்களுக்கு இந்த ஆளு துணை வேணுமா? என்னைக் கண்டா அவ்வளவு பயமா? நான் என்ன கடிச்சா வெச்சேன்?" கடிக்கவில்லை என்று யாரும் சொல்லவில்லை. "மீன் கெட்டுப்போச்சா? இதோ, பாருங்க!" என்று சொல்லி, நின்றபடியே தட்டில் மீனைப் போட்டு, எல்லோர் கண்ணெதிரிலும் முழுதாகத் தின்று முடித்தாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றுதான் இன்றுவரை சொல்கிறாள். அடுத்த இரண்டு நாள் கடை ஏன் மூடியிருந்தது என்று கேட்டால், சுவருக்கு வெள்ளையடித்ததாகச் சொல்கிறாள். சுவர் அதே பழைய மஞ்சளாகத்தான் இருக்கிறது.

முள்ளைத் துப்பிவிட்டு அவள் ஸ்தமாதிஸிடம் திரும்பினாள். எல்லா ஆத்திரமும் கடைசியில் அவர் தலையில்தான் இறங்க வேண்டியிருந்தது.

"நீ! இத்தனை வருஷம் இது சரியில்ல, அது சரியில்லன்னு உசுரை வாங்குனியே, உனக்கு என்னதான் வேணும்? ஊருக்கெல்லாம் சொன்ன, இன்னைக்கு உனக்குச் சொல்லு. வா உள்ள! எதைத் திங்கப் போற?"

அவர் தோளைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். சட்டிகள் வரிசையாக இருந்தன. பீன்ஸ், கத்தரிக்காய், அரிசி அடைத்த தக்காளி, கீரை. எல்லா மூடியையும் அவளே படபடவென்று திறந்து வைத்தாள். ஸ்தமாதிஸ் ஒவ்வொரு சட்டியாகப் பார்த்தார். முகரவில்லை. சட்டைக் கையை மடிக்கவும் இல்லை. சந்தைக்கு முதல் தடவை வந்த ஆள் மாதிரி நின்றார்.

"எது சூடா இருக்கோ அதைக் கொடுங்க," என்றார்.

"என்னது?"

"எனக்கு மணமும் தெரியல, ருசியும் பாதிதான். சூடு மட்டும் தெரியுது. வாய்ல எதோ இருக்குன்னு அதை வெச்சுத்தான் தெரிஞ்சுக்கறேன். இல்லேன்னா பஞ்சைத் தின்ன மாதிரி இருக்கு. சூடா எதாவது இருந்தா போதும்."

எவந்தியா ஒரு சட்டியின் வயிற்றில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். அடுத்த சட்டியில் வைத்துப் பார்த்தாள். எல்லாம் ஆறியிருந்தன. எண்ணெயில் வதக்கிய காய்கறியை நாங்கள் சூடாகச் சாப்பிடுவதில்லை. காலையில் இறக்கி வைத்தது மதியத்துக்குள் ஆறினால்தான் எண்ணெயும் காயும் சேர்ந்து ருசி கொடுக்கும். அதை மறுபடி சுடவைப்பது அவளைப் பொறுத்தவரை கடலையைத் தீய்ப்பதற்கு அடுத்தபடியான பாவம். ஆனாலும் முணுமுணுத்துக்கொண்டே சின்ன வாணலியை எடுத்தாள். இரண்டு கரண்டி பீன்ஸைப் போட்டு அடுப்பைப் பற்றவைத்தாள். கொதித்துப் பொங்கும்வரை கிளறி, தட்டில் ஊற்றி, அவளே கொண்டுபோய் மேசையில் வைத்தாள்.

ஸ்தமாதிஸ் ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தார். நாக்கு சுட்டுக் கண்ணில் தண்ணீர் வந்தது. ஊதவில்லை. அடுத்த கரண்டியையும் அப்படியே எடுத்தார். பக்கத்திலிருந்த ரொட்டியைப் பிய்த்து ஆவி பறக்கிற குழம்பில் முக்கி, சத்தத்தோடு உறிஞ்சினார். அந்தச் சத்தத்தைக் கேட்டு எனக்குப் பசித்தது.

பிறகு ஆர்கிரிஸ் அடுக்களைப் பக்கம் பார்த்துத் தைரியமாகக் கையைத் தூக்கினான்.

"எவந்தியாக்கா, எனக்கும் அந்த மாதிரி கொஞ்சம் சூடு பண்ணி..."

"வாயை மூடிட்டு ஆறினதைத் தின்னு," என்றாள் எவந்தியா. "உனக்கு மூக்கு இருந்துச்சே, ஒரு வருஷமா அதை வெச்சு என்னடா பண்ணிட்டிருந்த?"